காலி டேங்க்தான் டேஞ்சர் பார்ட்டி!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்பியாச்சா?

இந்த வாரம் புளியங்குடி பக்கம் ஒரு ரவுண்டு போவோம். எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். மதுரையில் இருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டி, தென்காசிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. தோட்டத்துக்குப் போக, மூட்டை ஏற்ற, மார்க்கெட்டுக்கு ஓட, சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குப் பறக்க... எல்லாத்துக்கும் டூவீலர்தான். அதனால் அங்கே பல வீடுகளில் ஓடுகிற வண்டி ஒன்று நிற்கும். ஓடாத வண்டி ஒன்றும் நிற்கும்!

அந்த ஓடாத வண்டி மேலதான் நம்ம ஆட்களுக்கு ஒரு கண். அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர். இல்லைன்னா 1996-லேயே தயாரிப்பு நின்றுபோனாலும் இன்னிக்கும் பசங்க உருகுகிற ஆர்.எக்ஸ்.100. 'இந்த லீவுல டேங்கைக் கழற்றி, துருவைச் சுத்தம் பண்ணி, பெயின்ட் அடிச்சு, காலேஜ் திறக்கும்போது ஸ்டைலா போய் இறங்கணும்' என்று பிளான் போட்டிருப்பீங்க. நல்ல பிளான்தான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இதைப் படிச்சிடுங்க, ப்ளீஸ்.

முதலில் ஒரு கேள்வி. உங்க முன்னாடி ரெண்டு டேங்க் இருக்கு. ஒன்றில் கழுத்து வரை பெட்ரோல், மூடி டைட்டாக மூடியிருக்கு. இன்னொன்றை நேற்றே காலி பண்ணியாச்சு. கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. இந்த ரெண்டில் எது அதிக ஆபத்து?

'இதென்ன கேள்வி, ஃபுல் டேங்க்தான்' என்று சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எரிவது பெட்ரோல் இல்லை!

ஆமாம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதில் இருந்து கிளம்புகிற ஆவி, காற்றோடு கலந்து எரிகிறது. அந்தக் கலவைக்கு ஒரு கணக்கு இருக்கு. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்தில் இருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். அதைவிடக் குறைந்தால் ஆவி போதாது. அதைவிடக் கூடினால் காற்று போதாது.

இப்போது ஃபுல் டேங்கைப் பாருங்க. மேலே இருக்கிற கொஞ்ச இடத்தில் ஆவி அடர்த்தியாக அடைந்திருக்கும். 7.6 சதவீதத்தை எல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். உள்ளே எரிவதற்குக் காற்று பத்தாது. அதே டேங்கை நீங்க காலி பண்ணும்போது என்ன ஆகிறது? பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே நுழைகிறது. மடிப்பிலும் துருவிலும் ஒட்டியிருக்கிற ஈரம் ஆவியாகிக்கிட்டே இருக்கிறது. ரெண்டும் கலந்து, சரியாக அந்த 1.4-க்கும் 7.6-க்கும் நடுவே வந்து நிற்கலாம். நாலு பக்கமும் தகரம் மூடிய ஒரு பாத்திரத்துக்குள் வெடிக்கத் தயாரான கலவை. காலி டேங்க் என்று நாம் சொல்வது இதைத்தான்!

பெரிய உதாரணம் ஒன்று சொல்லட்டுமா? 1996 ஜூலை 17. நியூயார்க்கில் இருந்து பாரிசுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 என்கிற போயிங் 747 விமானம், கிளம்பிய சில நிமிஷங்களிலேயே நடுவானில் வெடித்தது. 230 பேர் இறந்தார்கள். முதலில் வெடிகுண்டு, ஏவுகணை என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. நாலு வருஷம் ஆராய்ந்து 2000-ல் விசாரணைக் குழு சொன்ன முடிவு: வெடித்தது விமானத்தின் நடு டேங்க். சுமார் 49 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற அந்த டேங்கில் இருந்தது 200 லிட்டருக்கும் குறைவு. அடியில் ஓடிய ஏ.சி. மெஷின்களின் சூட்டில் அந்த மிச்சம் ஆவியாகிக் காற்றோடு கலந்திருந்தது. பொறி அனேகமாக ஒரு வயர் ஷார்ட் ஆனதில் வந்திருக்கலாம் என்றார்கள். கிட்டத்தட்ட காலியாக இருந்த டேங்க்தான் அந்த விமானத்தையே உடைத்தது.

பெட்ரோல் ஆவிக்கு இன்னும் ரெண்டு கெட்ட குணம் உண்டு. ஒன்று, மைனஸ் 40 டிகிரி பக்கம் குளிர்ந்து கிடந்தாலும் அது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை. நம்ம ஊர் மே மாச வெயிலில் பெட்ரோல் என்ன ஆட்டம் போடும் என்று நீங்களே யோசிச்சுக்குங்க. ரெண்டு, அது காற்றைவிட மூணு, நாலு மடங்கு கனம். சமையல்கட்டுப் புகை மாதிரி மேலே போய்த் தொலையாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஊர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். 2009 அக்டோபர் 29-ம் தேதி ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் நடந்தது அதுதான். குழாயில் பீறிட்ட பெட்ரோலின் ஆவி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு பரவி, எங்கேயோ ஒரு பொறியைத் தொட்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் பலி. தீ அணைய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

'அது கிடங்கு, நம்ம கிட்ட இருக்கிறது ஒரு டம்ளர்தானே?' என்று கேட்கலாம். அந்த ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பெட்ரோல் முழுக்க ஆவியானால், சுமார் 2,500 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கிற கலவையாக மாற்றிவிடும். 200 லிட்டர் பிடிக்கிற தார் டிரம்மைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி ஒரு டஜன் டிரம்!

டேங்கை ஏன் கழற்றணும்?

குற்றாலச் சாரலில் வண்டியை நிறுத்திவிட்டு அருவிக்குப் போவோம். டேங்க் மூடியைச் சுற்றித் தேங்குகிற தண்ணீர் வெளியே போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் தூசி அடைத்தால், தண்ணீர் மூடியின் ரப்பர் வழியாக உள்ளே இறங்கும். போதாததற்கு, இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் ரெண்டும் ஜோடி சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து, டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நீங்க ஹாஸ்டலில் இருக்கிற நாலு மாசமும் வண்டி சும்மா நின்றால் அடியில் துரு பிடிக்கும். வண்டி இருமிக்கிட்டே ஓடும், கடைசியில் நின்றுவிடும். அப்போது டேங்கைக் கழற்றாமல் வழியில்லை.

எங்கே, எப்போ?

வீட்டுக்குள் வேண்டாம். ஷெட்டுக்குள் வேண்டாம். மாட்டுத் தொழுவம், மாடிப்படிக்குக் கீழே, கிணற்று ஓரம், சாக்கடை ஓரம் எதுவும் வேண்டாம். நாலு பக்கமும் காற்று ஓடுகிற, நிழலான திறந்தவெளி. பட்டப்பகல். வெந்நீர் போடுகிற விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, மோட்டார் சுவிட்ச், இன்வெர்ட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வருகிற மாமா வாயில் பீடி இருந்தால், "மாமா, அதை அணைச்சுட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்க. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

வண்டி ஓடி வந்திருந்தால் எஞ்சினும் சைலன்ஸரும் கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும். ரெண்டு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பவுடர் தீயணைப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் வாளி உதவாது. தண்ணீர் மேலே பெட்ரோல் மிதந்து, தீயைத் தூக்கிக்கிட்டுப் பரவும்.

சட்டம் என்ன சொல்லுது?

பெட்ரோலைப் பிடிக்க எதை எடுப்பீங்க? கூல்டிரிங்க்ஸ் பாட்டில், இல்லைன்னா தண்ணீர் கேன். இனிமேல் அதைத் தொடாதீங்க. 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் பாத்திரம் கண்ணாடி, பீங்கான், உலோகம் இந்த மூன்றில் ஒன்றாக, இறுக்கமாக மூடக்கூடியதாக இருக்கணும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டர். அந்த லிஸ்ட்டில் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை. காரணமும் இருக்கு. பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். உலோகக் கேனைத் தரையில் வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் தேங்கி நின்று, ஒரு சின்னப் பொறியாகக் குதிக்கலாம்.

அப்புறம், வாய் வைத்து டியூபில் உறிஞ்சுகிற வேலை. நம்ம ஊரில் இதை ஒரு வித்தையாகவே செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் தண்ணீரைவிட இளக்கமானது. வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்கு நழுவுவது அதற்குச் சுலபம். ஒரு மடக்கு போனாலும் நுரையீரல் வெந்து நிமோனியா வரும். அப்படி யாருக்காவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. திரும்பி வரும்போது இன்னொரு தடவை நுரையீரலுக்குப் போகும். இருமல் நின்றுவிட்டது என்று சும்மா இருக்கவும் கூடாது. சில மணி நேரம் கழித்தும் மூச்சு வாங்கலாம். நேரே ஆஸ்பத்திரி.

இனி வேலையைத் தொடங்கலாம்

கார்புரேட்டர் வண்டிக்கு வழி இது. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. சாவியை எடுத்துடுங்க. பெட்ரோலைத் தொடுவதற்கு முன்பே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிடுங்க. பெட்ரோல் வாடை வந்த பிறகு கழற்றினால், அந்த முனையில் வருகிற பொறியே போதும். நெகட்டிவை முதலில் எடுப்பது எதுக்கு? பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

பெட்ரோல் டேப்பை ஆஃப்பில் வையுங்க. டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து, உள்ளே இருக்கிற அழுத்தத்தை விட்டு மூடுங்க. கார்புரேட்டர் பக்கம் டியூபின் கிளிப்பைப் பிளையரால் நகர்த்தி, டியூபை உருவி, கேனுக்குள் விடுங்க. டியூப் எட்டலைன்னா நீளமான புது டியூப் போட்டுக்குங்க. அதன் முனை கேனின் அடியைத் தொடணும். மேலே இருந்து அருவி மாதிரி கொட்டினால் ஆவியும் கூடும், நிலைமின்சாரமும் கூடும்.

இப்போது டேப்பை ரிசர்வில் திறங்க. ஏன் ஆனில் வைக்கக் கூடாது? ரிசர்வ் என்பது தனி டேங்க் இல்லை, பாஸ்! ஒரே டேங்க்தான். உள்ளே உயரமாக ஒரு குழாய், குட்டையாக ஒரு குழாய். ஆனில் வைத்தால் உயரமான குழாய் வழியாக மட்டும் வரும். அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடும். 'காலியாயிடுச்சு' என்று நினைப்பீங்க, உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். ரிசர்வில் வைத்தால் அடி வரை வரும். முதலில் வருகிறதைக் கொஞ்சம் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்க. அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கு என்று அர்த்தம்.

ஒழுகுவது நின்றதும் அவசரப்படாதீங்க. டேங்க் ஃபிரேமின் மேலே குதிரைச் சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கும். டேப் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும். அது பின்னாடி டேங்கைச் சாய்க்கும்போதுதான் வரும்.

சீட்டைக் கழற்றினால் டேங்கின் பின்பக்க போல்ட் தெரியும். அதைக் கழற்றுங்க. தூக்குவதற்கு முன்னால் அடியில் குனிந்து பாருங்க. பெட்ரோல் கேஜ் வயரின் கனெக்டர், காற்றுக் குழாய் எல்லாம் கழன்றாச்சா? முன்பக்கம் ரெண்டு ரப்பர் புஷ்ஷில் டேங்க் செருகி நிற்கும். பின்பக்கத்தை லேசாகத் தூக்கி, பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். வரலைன்னா பலம் காட்டாதீங்க. எங்கேயோ ஏதோ இன்னும் மாட்டியிருக்கு. கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. கழற்றியதும் கேனுக்கு மேலே சாய்த்து, மிச்சத்தை வடித்துவிட்டு, மூடியை மூடி, டேப்பை ஆஃப் பண்ணி, வெளியிலேயே ஒரு பழைய டயர் மேல் நிழலில் வையுங்க. வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம்.

கை, சட்டை, லுங்கி எதில் பெட்ரோல் பட்டிருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, துணியை மாற்றிக்கிட்டு அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் போங்க.

புது வண்டியா? கொஞ்சம் பொறுங்க!

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு கம்பெனிகள் வரிசையாகக் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இதில் டேப்பே கிடையாது. டேங்குக்கு உள்ளேயே ஒரு கரன்ட் பம்ப். அது டியூபில் பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். உங்க டயரில் இருக்கிற காற்றைவிட இது அதிகம்! எஞ்சினை நிறுத்தினாலும் அந்த அழுத்தம் அப்படியே நிற்கும். தெரியாமல் டியூபை உருவினால் முகத்தில் பீய்ச்சும். பம்ப்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அது தானாக அணைகிற வரை ஓடவிட்டு, அப்புறம் பேட்டரியைக் கழற்றி, ஆறவிட்டுத்தான் டியூபில் கை வைக்கணும். உங்க வண்டியோட சர்வீஸ் புத்தகம் கையில் இல்லைன்னா, இந்த வேலையை மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டுடுங்க.

வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன்னால்...

இதுதான் முக்கியமான மேட்டர். டேங்கில் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கும். "தண்ணி ஊத்தி நல்லா அலசியாச்சு, ஒரு பொட்டு வெல்டிங் வையுங்க" என்று பட்டறையில் கொடுப்போம். தண்ணீரில் பெட்ரோல் கரையாது. அது தண்ணீர் மேலே மிதந்து, தண்ணீரைக் கொட்டும்போது சுவரெல்லாம் மறுபடி ஒட்டிக்கும். மடிப்புக்குள்ளும் துருவுக்குள்ளும் இருக்கிறது அசையவே அசையாது. வெல்டிங் சூட்டில் அது ஆவியாகும். அதே சூடு தீயும் வைக்கும். நேற்று காலி பண்ணிய டேங்கும் சரி, ஒரு மாசமாகக் காயப்போட்ட டேங்கும் சரி, இந்த விஷயத்தில் நம்ப முடியாது. உள்ளே மந்த வாயு நிரப்பி, ஆவியை அளந்து பார்த்துச் செய்கிற முறைகள் இருக்கு. அதற்கான கருவி நம்ம தெருமுனைப் பட்டறையில் இருக்காது. சின்ன ஓட்டை என்றால் நெருப்பே தேவைப்படாத டேங்க் சீலர் பூசலாம். பெரிய ஓட்டை என்றால் வேறு டேங்க் வாங்கிடுங்க. தீக்குச்சி கிழித்து டேங்குக்குள் எட்டிப் பார்க்கிற வேலையும் கூடவே கூடாது.

வடித்த பெட்ரோல் சுத்தமாக இருந்தால் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். துருவும் தண்ணீருமாக இருந்தால் சாக்கடையில் ஊற்றாதீங்க. ஆவி சாக்கடை வழியாக எந்த வீட்டு வாசலுக்கும் போகும். எலுமிச்சைத் தோட்டத்து மண்ணில் ஊற்றினால் கிணற்றுத் தண்ணீர் கெடும். கேனை இறுக்கி மூடி, பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க் ஷாப்பில் விவரம் சொல்லிக் கொடுங்க. செயின் கழுவ, கை கழுவப் பெட்ரோல் வேண்டாம். அதில் இருக்கிற பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டு போகும்.

தப்பித் தவறித் தீப்பிடித்துவிட்டால் வண்டியை மறந்துட்டு ஆளைப் பாருங்க. உடம்பில் தீ என்றால் ஓடக் கூடாது. கீழே விழுந்து உருளணும். அணைந்ததும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டணும். மோதிரம், வாட்ச், கையில் கட்டின கயிறு எல்லாத்தையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றணும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பேஸ்ட், இங்க், காபித்தூள், மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 108-க்குப் போன் போடுங்க. தீயணைப்புக்கு 101.

கடைசியாக ஒன்று. டேங்கை நீங்க கழற்றிக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. பட்டறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறது, அனேகமாக உங்களைவிட ரெண்டு வயசு சின்ன ஒரு தம்பி. அது பெட்ரோல் டேங்க் என்று பார்த்தால் தெரியும். எப்போது காலி பண்ணினீங்க, உள்ளே ஆவி இருக்கிறது என்பதெல்லாம் பார்த்தால் தெரியாது. "தம்பி, இது நேத்துதான் காலி பண்ணினது, நெருப்புப் பக்கம் கொண்டு போகாதே" என்று நீங்கதான் வாய் திறந்து சொல்லணும். டேங்க் மேலே சாக்பீஸால் பெரிசாக எழுதியும் விடுங்க.

அடுத்த வாரம் கார்புரேட்டரைப் பிரித்து மேய்வோம். அதுவரைக்கும் டாட்டா!